பொடியை மாற்றியவள்

எங்கள் நகைப்பட்டறையில் அவளுக்குக் கைராசி என்று பெயர். அவள் ஒட்டிய சங்கிலி அறுந்து திரும்பி வந்ததே இல்லை. ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்கக் கண்ணிகளின் வாயில் பற்றவைக்கும் பொடி வைத்து, தீயை ஊதி ஒட்டுவோம். சுடர் ஆடக் கூடாது என்று முதலாளி ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார். பொடி உருகும்போது மஞ்சளாக ஒரு புகை எழும். தகரத்தை நக்கியதுபோல நாக்கில் ஒரு ருசி நிற்கும். பழகிவிட்டது.

மாதவிலக்கு எங்களில் யாருக்கும் ஒழுங்காக வந்ததில்லை. "இந்த ரூம்ல காலண்டர் எதுக்குடி மாட்டியிருக்கு?" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். கைராசி மட்டும் சிரிக்க மாட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை கரு கலைந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் ஒட்டுற கை. எனக்குள்ள மட்டும் ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குதேக்கா" என்றாள் ஒருநாள். என் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

அவளும் கணவனும் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. எல்லோரும் சாப்பாட்டைக் கேட்டார்கள், தூக்கத்தைக் கேட்டார்கள். கடைசியாகப் போன இடத்தில், எடை பார்த்த நர்ஸம்மாதான் முதன்முதலாக, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாராம். இவள் சொன்னதும், "அந்தப் பொடியில காட்மியம் கலக்குறாங்களா?" என்றாராம். கைராசிக்குத் தெரியவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் அவள் உடம்பில் காட்மியம் இருப்பது தெரிந்துவிட்டது.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கியிருக்கிறார். காட்மியம் ஓர் உலோகம். அதன் புகை மூச்சோடு உள்ளே போனால் சிறுநீரகத்தில் பல வருடம் குடியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல வேஷம் போட்டு உடம்பை ஏமாற்றும். கருவைத் தாங்கும் ஹார்மோன் சுரப்பதைக் குலைக்கும். ஆண்களின் விந்தணுவையும் விட்டுவைக்காது. "அது மட்டும்தான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்தப் புகையில இனி உக்காராதீங்க."

அவள் பேசாமல் வேலையை விட்டு நின்றிருக்கலாம். மறுநாள் காலையே வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். முதலாளி சீறினார்: "முப்பது வருஷமா நானும்தான் ஊதுறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குக் கர்ப்பப்பை இல்லையே முதலாளி" என்றாள் கைராசி.

களுக்கென்று சிரித்துவிட்டோம். பிறகு நான் என் தீயை அணைத்தேன். அடுத்தவள் அணைத்தாள். மூன்று நாள் யாரும் ஒரு கண்ணி ஒட்டவில்லை. நான்காம் நாள் முதலாளி தாமே டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, சாத்தியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவர் மகனும் எங்களோடு ஊதுபவன்தான்; அவனுக்கும் பிள்ளையில்லை. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

அந்த மாதமே காட்மியத்துக்குப் பதில் துத்தநாகம் கலந்த பொடி வந்தது. புகையை இழுக்கும் விசிறி வந்தது. கைராசி தீயை விட்டு, எடை சரிபார்க்கும் மேஜைக்கு மாறினாள்.

இரண்டரை வருடம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது. எடை கொஞ்சம் கம்மி, குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். நர்ஸம்மாவுக்கு நன்றி சொல்ல நானும் கூடப் போனேன். அவருக்கு எங்களை நினைவே இல்லை. "எல்லார்கிட்டயும் கேக்குறதுதானேம்மா" என்றபடி குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்.

எனக்கும் மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிட்டது. அதை முதலில் கைராசியிடம்தான் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன்கூட. இப்போது வருடம் ஒருமுறை ஆறு பேரும் பரிசோதனைக்குப் போகிறோம். உள்ளே போனது லேசில் வெளியே வராதாம். அளவு ஆமை வேகத்தில்தான் இறங்குகிறது. பரிசோதனை நாளில் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் லீவு தருகிறார் முதலாளி.