மூன்று முறை இறக்கிய கியர் பெட்டி

"உங்கக்கா மூஞ்சிக்காகத்தான்டா உன்ன இந்தப் பட்டறையில நிக்க விட்டிருக்கேன்! இல்லேன்னா உன் சாமானையெல்லாம் என்னைக்கோ தெருவுல வீசியிருப்பேன்!"

கியர் பெட்டி ரிப்பேர் பார்க்கும் கியர்காரர் இப்படிக் கத்தியது ஒரு வேன்காரன் எதிரில். திட்டு வாங்கியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பட்டறை மூலையில் ஒரு மேசை போட்டு மீட்டர், டேஷ்போர்டு, வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்த பெரிய குற்றம், "அத்தான், பெட்டிய இறக்கறதுக்கு முன்னாடி மீட்டர ஒரு தடவ பாத்துடலாமே" என்று வாயைத் திறந்தது. வேன்காரன் காதில் விழும்படி சொல்லிவிட்டானாம். கௌரவம் கப்பலேறிவிட்டதாம்.

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மனைவி, "பேசியாச்சா? வயிறு நெறஞ்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மச்சான் ஈயம் பற்றவைக்கும் கம்பி, சின்னச் சின்ன திருப்புளிகள் எல்லாவற்றையும் ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

அதற்கப்புறம் ஒன்பது மாதம் அவள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள். இங்கே வந்து, "தம்பி பாவங்க" என்பாள். அங்கே போய், "உங்கத்தானுக்கு வாய்தான்டா நீளம், மனசு கெட்டவர் இல்ல" என்பாள். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஒன்பதாம் மாதம் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தாள். தம்பி வந்தான். வாசல் கேட்டுக்கு வெளியே மூன்றாம் மனுஷன்போல் நின்றான், அக்காவைத் தூக்கியதும் பின்னாலேயே நடந்தான், அப்படியே போய்விட்டான். எந்த முகத்துக்காக நிற்க விட்டிருந்தாரோ அந்த முகம் போய்விட்டது. இனி எதற்கு வருவான்?

அது நடந்து ஐந்து வருஷம்.

கியர்காரருக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. பிள்ளை குட்டி இல்லை. பட்டறைக்கு மேலேயே இரண்டு அறை. ஒரு தரம் சமைத்தால் இரண்டு நாள் தின்பார். ஊரில் எவ்வளவு புதிய பட்டறை வந்தாலும் கியர் பெட்டி என்றால் அவரிடம்தான் வண்டி வரும். காரணம் அவர் காது. முழ நீளத் திருப்புளி ஒன்றின் முனையைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "மூணாவது பல்லுல தேய்மானம்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பல்லில்தான் தேய்மானம். அப்படிப்பட்ட காதுக்கு மனைவியின் இருமல் கேட்காமலா இருந்தது? கேட்டது. "மருந்து வாங்கிக் குடியேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இப்போது மாடி ஏறினால் கேட்பதற்கு ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். அதன் மோட்டார் இன்னும் ஒரு வருஷம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, யாரிடம் சொல்ல?

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து டேஷ்போர்டு மேல் போட்டு மூடிவிடுவார். முள்ளும் விளக்கும் கண்ணை இழுத்தால் காது மந்தமாகிவிடும் என்பது அவர் கட்சி. மச்சான் இருந்த காலத்தில் இதற்கே தினமும் ஒரு சண்டை நடக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மாவின் கார் வந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முப்பத்தைந்து வருஷப் பழசு. முள் வைத்த மீட்டர் கிடையாது, பச்சை எழுத்தில் நம்பர் எரியும். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காரைவிட்டு இறங்குவதற்குள் அவர் முட்டி இரண்டு தடவை கத்தியது.

"கியர் மாறும்போது பின்னாலேந்து யாரோ எட்டி ஒதைக்கிற மாதிரி இருக்குங்க. டேஷ்போர்டும் சரியில்ல. வெயில் ஏறினா நம்பரெல்லாம் செத்துப்போகுது, அப்புறம் தானா பொழைக்குது."

"அது கெடக்கட்டும்மா. அது சும்மா அலங்காரம். மொதல்ல பெட்டியப் பாப்போம்."

"அலங்காரத்துக்கு நான் வீட்டுல ஒரு பூச்சாடி வாங்கி வச்சிருப்பேனே!"

பெட்டியை இறக்கினார். எண்ணெய் மாற்றினார், உள்ளே இருந்த கிளட்ச் தட்டுகளைத் துடைத்துப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஏற்றி, விடியற்காலைக் குளிரில் ஓட்டினார். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. டாக்டரம்மா எடுத்துப் போனார். மத்தியானமே திரும்பி வந்தார்.

"ஒதைக்குது."

இரண்டாம் முறை இறக்கி, எண்ணெய் போகும் வழியெல்லாம் பிரித்துக் கழுவினார். காலையில் ஓட்டினார், நன்றாகப் போனது. மத்தியானம் உதைத்தது. மூன்றாம் முறை, பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் காரைத் தேடிக் கண்டுபிடித்து உள் சாமானையே மாற்றினார். அறுபத்து மூன்று வயதில், தனி ஆளாக, அவ்வளவு கனத்தை மூன்று முறை இறக்கி மூன்று முறை ஏற்றினால் இடுப்பு என்ன ஆகும்? இடுப்பு போனது. உதை போகவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவனுக்கு நாலாவது கால் கண்ணில் படுமா?

"இந்தத் தடவ நானும் கூட வர்றேன்" என்று மத்தியான வெயிலில் டாக்டரம்மா ஏறி உட்கார்ந்தார். கியர்காரர் வழக்கம்போல் துண்டை விரித்தார்.

"இது என்னங்க, பொணத்து மொகத்துல போடற மாதிரி?"

"காது நல்லாக் கேக்கும்மா."

"என் காரு இன்னும் சாகல. எடுங்க அத." அவரே வெடுக்கென்று உருவிவிட்டார்.

இரண்டு தெரு தாண்டி நேர்ச்சாலை. பச்சை நம்பர் ஐம்பத்தெட்டு, அறுபது என்று ஏறியது. திடீரென்று அணைந்து, பூஜ்யமாக எரிந்தது. அதே நொடி கார் ஓர் உதை உதைத்தது.

"பாருங்க பாருங்க! நாம பறந்துட்டிருக்கோம், இது நிக்குறோம்னு சொல்லுது!"

நம்பர் திரும்பி வந்தது. மறுபடி பூஜ்யம். மறுபடி உதை. மூன்றாவது தடவை கியர்காரர் காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

அவருக்கு இப்போது எல்லாம் புரிந்தது. இந்தக் காரில் வேகக் கணக்கு பெட்டியின் வாலில் ஆரம்பித்து, வயர் வழியாக முதலில் டேஷ்போர்டுக்குப் போகிறது. அங்கேயிருந்துதான் கியருக்கு உத்தரவு போடும் சின்னப் பெட்டிக்குப் போகிறது. டேஷ்போர்டு கணக்கைத் தவறவிட்டால், கார் நின்றுவிட்டது என்று நினைத்து அந்தச் சின்னப் பெட்டி கியரைக் கீழே தள்ளுகிறது. ஆக, கியர் பெட்டி முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நோய் இத்தனை நாளும் அவர் துண்டுக்கு அடியில் படுத்திருந்தது.

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "விடுங்க. என் தொழில்லயும் உண்டு. வலி கீழ்ப்பல்லுல இருக்கும், கெட்டது மேல்பல்லா இருக்கும். நானும் நல்ல பல்லப் புடுங்கிட்டு முழிச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? கெட்டதையும் புடுங்கினேன். காசு ஒண்ணுக்குத்தான் வாங்கினேன்."

கியர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த டேஷ்போர்டப் பாக்க ஆள் இருக்கா?"

"ஒருத்தன் இருக்கான்."

"யாரு?"

"என் மச்சான்."

"அட, வீட்டு ஆளே இருக்கும்போது என்ன யோசன? கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டுமாம். அவ்வளவு சுலபம்.

அன்று சாயங்காலம் தானே கழற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். இரும்பைப் புரட்டிப் பழகிய கை. முதல் திருகிலேயே, திருகைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கார் கெட்டுப்போனது பற்றி அல்ல யோசனை. போய் நின்றால் அவன் கதவைச் சாத்திவிட்டால்? இத்தனை நாள், "நான் கூப்பிடல, அதனால அவன் வரல" என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவாவது முடிந்தது. கூப்பிட்டும் வராவிட்டால் உறவு என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை போனார். மூன்றே தெரு, ஐந்து வருஷத் தூரம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் ஓர் அறை. சுவரெல்லாம் செத்த மீட்டர்கள். மச்சானுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை, இனி ஆகவும் போவதில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன?"

"ஒரு டேஷ்போர்டு."

"வச்சிட்டுப் போங்க. பாத்து வைக்கிறேன்."

"கழட்ட முடியல. கார்லதான் இருக்கு. பட்டறையில நிக்குது."

"உங்க பட்டறைக்கா?" மச்சான் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "அங்க யார் மூஞ்சிக்காக வந்து நிக்கணும் நான்?"

மன்னிப்புக் கேட்கக் கியர்காரருக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணு தடவ பெட்டிய இறக்கினேன். மூணு தடவயும் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு."

நாற்பது வருஷத்தில் அவர் வாயால் இப்படி ஒன்று வந்ததில்லை. அது அவன் அக்காவுக்குக்கூடக் கிடைக்காத வார்த்தை.

"மூணு தடவயா?"

"ம்."

"துண்டப் போட்டு மூடிட்டுத்தானே ஓட்டினீங்க?"

"...ஆமா."

மச்சான் மூக்கால் ஒரு சத்தம் செய்தான். சிரிப்பா ஏளனமா என்று சொல்ல முடியாது. சாமான்களை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வழியெல்லாம் முன்னாலேயே நடந்தான். பட்டறைக்குள் நுழைந்ததும் மூலையைப் பார்த்தான். அவன் மேசை அங்கேயேதான் கிடந்தது, மேலே டயர்கள் அடுக்கியிருந்தன. காருக்குள் தலையை விட்டான்.

"காத ஒடச்சது யாரு?"

"நான்தான்."

"தெரியும். சும்மா கேட்டேன்." கழற்றி வெளியே எடுத்து, வயரோடு சீட்டில் வைத்தான். சாவியைத் திருப்பியதும் நம்பர்கள் ஒழுங்காக எரிந்தன. "சூடு ஏறினாத்தான் நோய் காட்டும். தல காயவைக்கிற மெஷின் இருக்கா?"

கியர்காரர் மாடி ஏறினார். அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தது. ஐந்து வருஷமாக அந்தத் தட்டை அவர் திறக்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தார். மெஷினின் பின்பக்க வலையில் நீளமான முடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"அக்காவோடதா?"

"ம்."

மச்சான் அதை எடுக்கவில்லை. அப்படியே மெஷினை ஓடவிட்டான். சூடான காற்று பட்டு ஒரு நிமிஷத்தில் பச்சை நம்பர் செத்தது. ஒரு மரக்குச்சியால் உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் அங்கங்கே தொட்டுக்கொண்டே போனான். ஓர் இடத்தில் தொட்டதும் நம்பர் பிழைத்தது. எடுத்ததும் செத்தது.

"இங்கதான். ஈயம் விரிசல் விட்டிருக்கு. டார்ச்சப் பிடிங்க. ஆடாமப் பிடிங்க."

கியர்காரர் டார்ச் பிடித்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கடுகத்தனை ஈயம் ஒரு நொடி உருகி உட்கார்ந்தது. முடிந்தது. மூன்று முறை இடுப்பொடிய இறக்கிய வேலைக்கு மருந்து அவ்வளவுதான்.

மத்தியான வெயிலில் இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்தார்கள். துண்டு தோளிலேயே கிடந்தது. ஒருவர் கேட்டுக்கொண்டு வந்தார், ஒருவன் பார்த்துக்கொண்டு வந்தான். உதைக்கவில்லை.

திரும்பியதும், "டீ சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம்." மச்சான் கையைத் துடைத்தான். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவன் அத்தான் என்று சொல்லவில்லை. கியர்காரர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். வாசல்வரை போனவன் நின்று, உள்ளே மேசை கிடந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். "இந்த இருட்டுல மனுஷன் கண்ணு என்னத்துக்கு ஆவும்? பெருசாக் காட்டற கண்ணாடி வச்ச விளக்கு விக்குது, மேசையில மாட்டிக்கலாம். ஒண்ணு வாங்கிப் போடுங்க."

"வருவியா?"

"வருவேன்னு நான் சொல்லல. விளக்குதான் சொன்னேன்."

போய்விட்டான். டாக்டரம்மாவும் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். பட்டறை காலியானது.

கியர்காரர் மேசைமேல் இருந்த டயர்களை இறக்கினார். துடைத்தார். இரண்டு நாள் போயிற்று, நாலு நாள் போயிற்று. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் வண்டிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். நடையை வைத்தே ஆளைச் சொல்கிற காது, எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? இருந்தும் பார்ப்பார். அவன் வரவில்லை.

ஆறாம் நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு விளக்குக் கடைக்குப் போனார். கடைக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கண்ணாடியை விரித்துக் காட்டினார்.

"உங்க கண்ணுக்கா பெரியவரே?"

"இல்ல. என் மச்சானுக்கு. நம்ம பட்டறையில வேல பாக்க."

வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்கவில்லை. எதை வாங்கினாலும் பாதி விலைக்குக் கேட்கிற மனுஷன், அன்று பேரமே பேசவில்லை. கேட்ட விலையையே கொடுத்தார். ஆயிரத்து நூற்றெழுபது.