பானெட்டில் வைத்த பொட்டு

போன வருடம் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்கு முந்தைய வாரம் இது நடந்தது. ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பழைய ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஆனாலும் அம்மன் கோயிலும் நாங்கள் சில குடும்பங்களும் இன்னும் அங்கேயே இருக்கிறோம்.

என் கணவரிடம் ஒரு பழைய டிராக்டர் உண்டு. மற்ற நாளில் செம்பனைக் குலை ஏற்றும், திருவிழாவன்று அம்மன் ரதத்தை இழுக்கும். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு குலை ஏற்றுவதைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டார். ரதம் இழுப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் ஒழுங்காக மாத்திரையே போடுகிறார் என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருடம் கோயில் கமிட்டியில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. டிராக்டர் துருப்பிடித்துப் பார்க்கச் சகிக்கவில்லையாம், ஈப்போவிலிருந்து நல்ல லாரியாக எடுக்கலாமாம். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. கமிட்டிமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் தங்கையோடு வேலை செய்யும் பெண்ணின் கணவர் கமுந்திங் ஊரில் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர். முன்பின் பார்த்ததில்லை. நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும், “வாரேன்கா, சனி ஞாயிறுல முடிச்சிரலாம்” என்றார். அவர் கிறிஸ்தவர். ஞாயிறு காலையை எங்கள் வேலைக்கு ஒதுக்க வேண்டுமென்று சனி மாலையே தேவாலயம் போய் வந்துவிட்டார்.

சனி காலையே வந்து இறங்கியதால் அதற்குள் வேலையும் பாதி முடிந்திருந்தது. துருவைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, டயருக்கும் விளக்குக்கும் பழைய பேப்பர் சுற்றி, அவரும் என் கணவரும் அடிப்பூச்சான பிரைமர் அடித்தார்கள். அது காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் பிசுக்கே இல்லாமல் துடைத்தார். “இனிமே யாரும் கை வைக்காதீங்க அண்ணே. பெயிண்ட் நல்லா வர்றது இந்தத் தொடைக்கிறதுலதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே படுக்கப் போனார்.

ஞாயிறு காலை தூசி எழாமல் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்தோம். அவர் ஸ்பிரே கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை ஒரே சீராக நகர்த்தி, இஞ்சினை மூடும் பானெட்டில் நீலத்தை அடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் அங்கங்கே விலகிக் குட்டிக் குட்டிக் குழிகளாக ஆனது. எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் விலகுமே, அப்படி.

“யாராச்சும் தொட்டீங்களா?” என்று கேட்டார்.

என் கணவர்தான் முன்னால் வந்தார். “விடியக்காலையில குங்குமத்த எண்ணெயில கொழைச்சுப் பொட்டு வச்சேன் தம்பி. அடிக்கும்போது எடைஞ்சலா இருக்குமேன்னு பொறவு நல்லாத் தொடைச்சிட்டேன்லா.”

எங்கள் ஆள் பொட்டு வைக்காமல் எதையும் தொடங்கமாட்டார். துடைத்ததும் உதவியாக இருக்கட்டுமே என்றுதான். அந்தத் துணியோடு எண்ணெய் பானெட் முழுக்கப் பரவிவிட்டது. “என் கையாலேயே கெடுத்துட்டேனே” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்தவர் சலித்துக்கொண்டு மூட்டை கட்டிவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் கன்னைக் கீழே வைத்துவிட்டு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எங்க வீட்டுலயும் புதுக் காடி வாங்குனா, ஃபாதர் வந்து ஜெபம் பண்ணித் தண்ணி தெளிக்காம ரோட்டுல ஓட்டமாட்டோம் அண்ணே. சாமி கும்புடாம எப்படி? எண்ணெய்தானே, எடுத்துரலாம்லா.”

ஈரப் பெயிண்டைத் துடைத்தெடுத்து, மறுபடி கழுவி, தேய்த்து, புதுத் துணியால் துடைத்தார். அதற்குள் வானம் இருட்டிவிட்டது. மழை ஈரத்தில் அடித்தால் பளபளப்பு வராது என்று நிறுத்திவிட்டு, முதலாளிக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை லீவு கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை கன்னைத் தொடுவதற்கு முன், உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகட்டை முன்பக்க பம்பரில் போல்ட் போட்டு முடுக்கினார். “பொட்ட இங்க வைங்க அண்ணே. எவ்வளவு எண்ணெய் வேணாலும் ஊத்துங்க. சூடத்த மட்டும் வெளிய கொளுத்துங்க, தின்னர் இருக்கு, தீப்பிடிச்சிரும்” என்றார். என் கணவர் கும்பிட்டு முடிக்கும்வரை காலணியைக் கழற்றிவிட்டு அவரும் கூடவே நின்றார். பிறகு, அவசரப்பட்டால் வழிந்துவிடும் என்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காயக் காய அடித்தார்.

சாயங்காலம் வந்த கமிட்டித் தலைவர் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார். லாரிப் பேச்சு அதோடு போனது. திருவிழாவன்று ரதத்தை இவர்தான் இழுத்தார். சந்தனத்தோடு பானெட்டை நோக்கி வந்தவர்களையெல்லாம், “அங்க இல்லலா, இங்க” என்று தகட்டுப் பக்கம் திருப்பிவிடுவதே இவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இப்போதும் காலையில் என் கணவர் அந்தத் தகட்டில் பொட்டு வைக்கும்போது நானும் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். எங்கள் சாமிக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்த அந்த மனிதரின் வீடு நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வாயில் முதலில் வருகிறது.