விழ வேண்டிய இடத்தில் ஒரு கை

அவளுக்குக் கொக்கு என்று பேர் வைத்தது அண்ணன். சின்ன வயதில் பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக் காலில்தான் நிற்பாள். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் அவளை நடனப் பள்ளியில் சேர்த்துவிட்டான். பாட்டும் இல்லை, கதையும் இல்லை, தரையில் உருள்கிறார்கள், சுவரில் போய் மோதுகிறார்கள். இதற்குப் பேர் நடனமா என்று உறவுக்காரர்கள் வாயைக் கோணுவார்கள். "அவ உருண்டா உங்களுக்கென்ன, தரைதானே தேயும்" என்பான் அவன்.

நவீன நடனம் அவளுக்குச் சோறு போட்டதா என்றால், அரை வயிற்றுக்குப் போட்டது. காலையில் தொப்பையைக் குறைக்க வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு. பிற்பகலில் டயர் கடை மாடியில் ஒத்திகை. ரப்பர் நாற்றம் தலைமுடியோடு வீடு வரைக்கும் வரும். யார் யாரோ அமைத்த நடனங்களில் பின்வரிசையில் ஆடி ஆடி, முன்வரிசைக்கு வருவதற்குள் முழங்கால் கிழடு தட்டிவிட்டது.

அண்ணன் சாரத்திலிருந்து விழுந்த அன்று அவள் வெளியூரில் மேடையில் இருந்தாள். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அண்ணி ஒருத்திதான். சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொக்கிடம் பேச்சையே குறைத்துக்கொண்டாள். கடைசி நேரத்தில்கூட மேடைதான் பெரிதாகப் போயிற்று என்று நினைத்திருக்கலாம். கொக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

வெகுநாள் கழித்து ஒருநாள் கொக்கு அண்ணி வீட்டுச் சமையலறையில் நின்று, அண்ணன் எப்படி விழுந்தான் என்று கேட்டாள். அதை ஆடப்போவதாகவும் சொன்னாள். கரண்டி பறந்து வரும் என்று எதிர்பார்த்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதலில் வழுக்கியது கால் அல்ல, பிடித்திருந்த கைதான் என்றாள். பிரஷைக் கடைசி வரை விடவில்லை என்றாள். "பாதியில உடம்பு ஒரு தடவ திரும்புச்சு. நான் கத்தினது கேட்டிருக்கும்போல." எழுந்திருக்கும்போது சொன்னாள்:

"ஆடு. ஆனா மழுப்பாதே. அவர் விழுந்த மாதிரியே விழணும். நான் வந்து பாப்பேன்."

கொக்கு சொந்தமாக அமைத்த முதல் நடனம் அது. சுவரை நெடுக்க வருடும் கை, எட்டாத மூலைக்குச் சாயும் இடுப்பு, எல்லாம் அந்தக் கடைசி விழுதலை நோக்கியே போகும். உயர்ந்த பலகையிலிருந்து, பாதியில் திரும்பி, பக்கவாட்டில் தரைக்கு. பழகிப் பழகி இடுப்பெல்லாம் கன்றிப்போனது. மேலே என்ன மூட்டை இறக்குகிறீர்களா என்று டயர் கடைக்காரர் கேட்டார்.

முழங்கால் ஒரேயடியாகக் கைவிட்டது அப்போதுதான். நடனக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு முடியாத நாளில், தாவ வேண்டிய இடத்தில் தாவாமல், சுழல வேண்டிய இடத்தில் விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் போவார்கள். மார்க் பண்ணுவது என்பார்கள். கொக்கும் அன்று மார்க் பண்ணினாள். விழ வேண்டிய இடத்தில் உள்ளங்கையைத் திருப்பி மெல்லக் கீழே இறக்கினாள். அன்று எடுத்த வீடியோதான் பெரிய அரங்கத்தின் இயக்குநர் கைக்குப் போனது. அவருக்குப் பிடித்துவிட்டது. கொக்கு அறுவை சிகிச்சை முடிந்து படுத்துக் கிடந்ததால், வேறொரு பெண் அந்த வீடியோவைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஆடுகிறவர்களுக்கு அது மார்க் என்று தெரியாமலா போகும் என்று கொக்கு இருந்துவிட்டாள்.

அரங்கேறுவதற்கு முந்தின நாள் ஒத்திகைக்கு ஊன்றுகோலோடு போனாள். அந்தப் பெண் உள்ளங்கையை இறக்கியபோது, நாளைக்காக உடம்பை மிச்சம் பிடிக்கிறாள், கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடனம் முழுக்க, கொக்கின் ஊன்றுகோல் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் மேடையில் அந்தப் பெண் பலகை மேல் நின்றாள். உள்ளங்கையைத் திருப்பினாள். மெல்ல இறக்கினாள். விளக்கு அணைந்தது. கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது.

அண்ணி இருட்டிலேயே கேட்டாள்: "அவர் விழவே இல்லையே?"

பதில் சொல்வதற்குள் கொக்கை மேடைக்கு அழைத்தார்கள். நொண்டிக்கொண்டு போனாள். தலை குனிந்து கும்பிட்டாள். திரைக்குப் பின்னால் இயக்குநரிடம், இது ஒத்திகை, இது என் நடனமில்லை என்றாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

"இத வெளிய சொல்லிடாதீங்க. விழுறதுக்கு யார் வேணா விழுவாங்க. அந்தக் கைதான் உங்களை எங்கயோ கொண்டுபோகப் போகுது."

சொல்லியிருக்கலாம். வெளியே பெரிய சுவரொட்டியில், முதல்முறையாக, அவள் பேர் தனியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாசலில் அண்ணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவை அண்ணி, என் கால் சரியானதும்..." என்று கொக்கு ஆரம்பித்தாள்.

"என் வாயால அத்தனையும் கேட்டு வாங்கிக்கிட்டியே" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "அது எங்கிட்டயே இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறந்தது, பேச்சு திறக்கவில்லை. கால் சரியாகவும் இல்லை. அந்த நடனம் மட்டும் ஊர் ஊராகப் போனது. புதிதாக ஆட வந்தவர்களுக்குக் கொக்குதான் சொல்லிக்கொடுத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி, சாகும்வரை. கடைசி இடம் வந்ததும் கையை எப்படி இறக்குவது என்று யாராவது கேட்பார்கள். மணிக்கட்டை அவளே பிடித்துத் திருத்துவாள். வேகம் கூடினால் கோபம் வரும்.

"மெதுவா" என்பாள். "இன்னும் மெதுவா. ஒண்ணுமே நடக்காத மாதிரி."