கப்பல் தளத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு

1. பொட்டு

வெள்ளைக்காரக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தது.

சரிசெய்து முடித்த பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது என் வேலை. க்யூசி என்பார்கள். தூசி விட்டுப்போயிருக்கிறதா, கிழிசலை ஒட்டின இடம் தெரிகிறதா, ஒருத்தருக்கு ஆறு விரல் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், ஆறு விரல் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்த படம் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு பயணிகள் கப்பலில் எடுத்தது. தளத்தில் தொப்பி வைத்த கணவன், தலையில் துணி கட்டிய மனைவி, இருவருக்கும் முன்னால் மூன்று வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் இடது கன்னத்தில் தாடைக்குக் கொஞ்சம் மேலே கறுப்பாக ஒரு பொட்டு. தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தூசி அவ்வளவு வட்டமாக இருக்காது.

"இது யாரு ஃபைலு?" என்று சத்தம் போட்டேன்.

ஜன்னலோரத்து சிஸ்டத்திலிருந்து வள்ளி எழுந்து நின்றாள்.

"ஏம்மா, அட்லாண்டிக் கடல்ல போற கொழந்தைக்கு யாரும்மா பொட்டு வெச்சது?"

கூட வேலை செய்கிற மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடிதான் கேட்டேன். வள்ளி சிரிக்கவில்லை. அப்படியே வெளியே மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

2. இருப்பதும் இல்லாததும்

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ் இருந்தது. சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து ஆரம்பித்தது. முதலாளி ஷாஜகான், பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் ஒரு பிரின்டிங் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். என்னைவிடச் சின்னவர், அதனால் என்னை மாமா என்பார். அமெரிக்காவில் ஒரு கம்பெனி குடும்பங்களிடமிருந்து பழைய போட்டோக்களை வாங்கி ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பும். கறை, கிழிசல், பூஞ்சை எல்லாம் எடுத்து நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அதிலே பெரும்பாதி கப்பல் படங்கள். அந்த நாட்டில் பாதிப் பேருடைய பாட்டன் பூட்டன் கப்பலில் வந்திறங்கியவர்கள்தானே.

கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் நிற்கிற படகுகளைத் தவிர நான் வேறு கப்பலைப் பார்த்ததில்லை. ஆனால் அத்தனை வருஷமும் சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பெரிய கப்பல்களில் போய்வந்தேன். மேல் தளத்தில் முதல் வகுப்புக்காரர்கள் சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். ஒரு அம்மாள் மடியில் நாய் இருக்கும். சிலர் கயிற்று வளையத்தைத் தூக்கிப் போட்டு விளையாடுவார்கள். கேமரா என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ள மாட்டார்கள். கீழ்த் தளத்தில் மூன்றாம் வகுப்பு. இருக்கிற நல்ல துணியையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கோட்டுப் பொத்தானில் அட்டை ஒன்று தொங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்து நிற்பார்கள். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும். திரும்பிப் போக முடியாது என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரியும்.

"எங்க வாப்பா பினாங்குக்குப் போன கப்பல்லயும் இதே கததான் மாமா. மேல தொரமாருங்க, கீழ நம்ம ஆளுங்க" என்பார் ஷாஜகான்.

நான் அதற்கு முன்னால் கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்துகொண்டிருந்தேன். பென்சிலைக் கூராகச் சீவி நெகட்டிவின் மேலேயே வேலை செய்வது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்துவிட்டால் சுவரில் மாட்டப் படம் வேண்டும். பல பேருக்குத் தனிப் படம் இருக்காது. ஏதோ கல்யாணக் கூட்டத்தில் நிற்பார்கள், அதிலிருந்து வெட்டி எடுப்போம். மூடின கண்ணைத் திறந்து வைப்போம். வெறும் உடம்போடு இருக்கிற பெரியவருக்குக் கோட்டு மாட்டிவிடுவோம். ஆயுசில் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்போம். இதையெல்லாம் யாரும் பொய் என்று நினைத்ததில்லை. அது செய்ய வேண்டிய முறை, அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்க்காரர்கள் உப்பித் தோல் உரிந்த போட்டோக்களைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தார்கள். "தல மட்டும் கெடச்சா போதும்ணே" என்பார்கள். அந்த மாதங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

சிதம்பரத்தில் சேர்ந்த முதல் நாளே ஷாஜகான் எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். "நம்மூர்ல இல்லாதத வெச்சாதான் கஸ்டமருக்கு சந்தோஷம். இவுங்களுக்கு இருக்கறத காப்பாத்திக் குடுத்தா போதும் மாமா. ஒண்ணு கூட சேக்கக் கூடாது."

ஆபீசில் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். வள்ளிக்கும்தான்.

3. மாடிப்படியில்

வள்ளிக்கு ஊர் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது, அதில் படித்தவள். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அலையில் அவளுடைய ஒரே பெண் போய்விட்டது என்று எங்களுக்குத் தெரியும். அவளாக அதைப் பற்றிப் பேசினதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நான் போனபோது படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன்.

"அந்தப் படத்துல கொழந்த மொகமே இல்லியேம்மா. வெறும் பொகையாதான இருந்துச்சு?"

"ஆமாண்ணே. மொகம் தெளிவா வருமான்னு கஸ்டமரு கேட்டிருந்தாங்க."

அது உண்மை. அந்தக் காலத்துக் கேமராவில் ஷட்டர் மெதுவாக மூடும். அசையாமல் நின்றவர்கள் படத்தில் விழுவார்கள், அசைந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். இந்தக் குழந்தைக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு இழுப்புத்தான் இருந்தது. போதாக்குறைக்குப் பாதி உடம்பின் மேல் தண்ணீர்க் கறை வேறு. முடிந்தால் முகத்தைத் தெளிவாக்கித் தாருங்கள் என்று குறிப்பு வந்திருந்தது.

"அதான் நானே வரைஞ்சேன்" என்றாள். "எந்த மொகத்த வரையறது? எனக்குத் தெரிஞ்ச மொகம் ஒண்ணுதான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"உன் பொண்ணா?"

"அபி."

அபிக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. மாசி மகத்துக்குக் கடற்கரையில் சாமி வந்தபோது அங்கேயே எடுத்தது. வீட்டோடு அதுவும் போய்விட்டது. எடுத்த ஸ்டுடியோவுக்கு வள்ளி நாலைந்து தடவை போய்க் கேட்டிருக்கிறாள். டிஜிட்டலுக்கு மாறும்போது பழைய நெகட்டிவையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். ஆக, அந்தக் குழந்தையின் முகம் உலகத்தில் வள்ளியின் மனசில் மட்டும்தான் இருந்தது. இப்போது ஒரு கப்பல் படத்திலும் இருக்கிறது.

"பொட்டு எதுக்கும்மா வெச்ச? அதாலதான மாட்டிக்கிட்ட."

"நான் வெக்கலண்ணே, கை தானா வெச்சிடுச்சு. வெளிய தூக்கிட்டுப் போனா வெக்காம போவ மாட்டேன்." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அல வந்த அன்னிக்கு ஞாயித்துக்கெழம. வூட்டுலதான இருக்கான்னு வெக்கல."

அழுதுவிட்டேன். வயசான ஆம்பிளை மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறானே என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"அப்பிடியே அனுப்பிடுங்கண்ணே" என்று வள்ளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பொட்ட மட்டும் எடுத்துடறேன். எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டுமே அவ. அந்தக் கப்பலு கர சேந்துச்சுல்ல?"

4. யார் வீட்டுப் பெண்

ஷாஜகானிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில், "பொட்ட அழிச்சிட்டு அனுப்புங்க மாமா. கேட்டாங்க, செஞ்சிட்டோம்" என்றார். அது யார் முகம் என்று சொன்னதும், "யா அல்லாஹ்" என்று கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். பரங்கிப்பேட்டைக்காரருக்குக் கடலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் மாமா" என்று தள்ளிவிட்டார். நல்ல முதலாளி, கஷ்டமானதை எப்போதும் என் தலையில்தான் கட்டுவார்.

எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. கடலூர் ஸ்டுடியோவாக இருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவள் எண்பது வயது தாண்டின ஒரு அம்மாள். படத்தில் நிற்பவள் அவளுடைய தாய். அந்தக் குழந்தை அவளுக்கு அக்கா. அமெரிக்காவில் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் இறந்துபோனது. இவள் அதற்கப்புறம் பிறந்தவள், அக்காவைப் பார்த்ததே இல்லை. வேறு படமும் கிடையாது. சாவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்று ஆர்டரோடு ஷாஜகானுக்கு வந்த கடிதத்தில் இருந்தது.

வள்ளியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு ஆர்டரின் குறிப்பு மட்டும்தான் தெரியும், இந்தக் கதை தெரியாது. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுவும் ஒருத்தவுங்க வூட்டுப் பொண்ணு" என்றாள்.

"ஆமா."

"அந்த அம்மா எம்பொண்ணப் பாத்து அக்கான்னு நெனச்சிக்குவாங்க."

"ஆமாம்மா."

"வேணாண்ணே. அவுங்க அக்காவுக்கும் நல்லதில்ல, எம்பொண்ணுக்கும் நல்லதில்ல. நானே எடுத்துடறேன்."

போய் உட்கார்ந்தாள். அவள் கை மவுஸுக்குப் போவதற்குள் நான் குறுக்கே நின்று, படத்தின் மேல் அந்த முகத்தை வரைந்திருந்த தனி அடுக்கை, லேயரை, தனி ஃபைலாகக் காப்பி எடுத்து அவள் பெயரில் சேவ் செய்துவிட்டேன். அப்புறம் அவள் அழித்தாள். கறையை மட்டும் சுத்தமாக எடுத்து, குழந்தையை இருந்தபடியே விட்டு அனுப்பினோம். அசைந்ததால் முகம் படத்தில் பதியவில்லை, இல்லாததை எங்களால் வைக்க முடியாது என்று ஷாஜகான் இங்கிலீஷில் எழுதினார்.

திட்டித்தான் பதில் வரும் என்று எதிர்பார்த்தோம். ரொம்ப நாள் பதிலே வரவில்லை. அந்தத் தனி ஃபைலை வள்ளி திறக்கவும் இல்லை. பிரின்ட் போட்டுத் தரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "அது அவ மாதிரியே இருக்குது, ஆனா அவ இல்லண்ணே" என்றாள். என்ன குறை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

5. பதில்

ஒருநாள் கரன்ட் போய் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தபோது ஷாஜகான் உள்ளே வந்தார். அந்த அம்மாள் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு எடத்துல குடுத்தாங்களாம். ரெண்டு பேரும் பொம்ம மொகம் வரைஞ்சி குடுத்துட்டாங்களாம். பாக்கவே புடிக்கலயாம். நாம அனுப்புனதுல கறைய எடுத்ததும் கொழந்தையோட காலு தெரியுதாம். ஒரு காலு தரையிலயே இல்லியாம். அவுங்க அம்மா சாவுற வரைக்கும் சொல்லிட்டே இருப்பாங்களாம், கப்பல்ல ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் அவள ஒரு எடத்துல நிக்க வைக்க முடியல, கப்பலே அவ பின்னாடி ஓடுச்சின்னு. அக்கா எப்பிடி இருப்பான்னு இப்ப தெரிஞ்சிப்போச்சு, மொகம் தேவையில்லன்னு எழுதியிருக்காங்க."

நான் வள்ளியைப் பார்த்தேன். அவள் இருண்ட மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரன்ட் வந்ததும் அந்தத் தனி ஃபைலைத் திறந்தாள். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். அபியின் முகம் திரையில் இருந்தது. அச்சடித்தது மாதிரி சுத்தமாக, நேராகப் பார்த்தபடி. வள்ளி அதன் மேல் மோஷன் ப்ளர் போட்டாள். கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். கண்ணும் மூக்கும் பக்கவாட்டில் இழுபட்டுக் கலைந்தன. கன்னத்துப் பொட்டு ஒரு சின்னக் கறுப்புக் கோடாக நீண்டது.

"இப்பதாண்ணே சரியா இருக்கு" என்றாள்.

அந்தப் படத்தை நான் க்யூசி பார்க்கவில்லை. ஓகே போட்டு பிரின்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். இல்லாததை வைக்காதே. ஆனால் ஒரு படத்தில் முகம் இல்லை என்பதால் அங்கே ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே, முதலில் கறையை எடுத்துவிட்டுப் பார். இதை நான் கற்றுக்கொண்டது பென்சில் பிடித்த காலத்தில் இல்லை, அந்த ஆபீசில்தான்.

ரொம்ப நாள் கழித்து ஒரு விசேஷத்துக்காகக் கடலூர் போனபோது, வள்ளிக்குக் கொடுத்திருந்த சுனாமிக் குடியிருப்பு வீட்டுக்குப் போனேன். சுவரில் அபியின் அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாள். மாலை போடவில்லை. நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குழம்பு வாங்க வந்தாள். புதுசாகக் குடிவந்தவள் போலிருக்கிறது. படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, மொகமே தெரியல?" என்று கேட்டாள்.

வள்ளி கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எப்பிடி தெரியும்? அவ ஓடிக்கிட்டு இருக்கா."