விடாத கை

"கைப்பிடிய விடுங்கக்கா! விட்டாத்தான் பட்டம் அடங்கும்!"

இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பலகைச் சறுக்கு பழக வந்த முதல் நாள். சொல்லித்தரும் தம்பி கத்துகிறான். என் விரல்கள் விரிய மறுக்கின்றன. தலைக்கு மேல் பட்டம் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

அதே சத்தம். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் அன்று ஆடிக் காற்று. வாசலில் நின்ற எங்கள் லாரியின் பஞ்சு மூட்டைகள் மேல் அப்பா தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். கீழே கயிற்றைப் பிடித்தபடி பத்து வயது நான். பாயில் டீசல் நாற்றம்.

"உட்றாத சாமி, கெட்டியாப் புடி!"

காற்று பாயைத் தூக்கியது, கூடவே என்னையும். நான் விடவில்லை. வேலிக்கல்லில் போய் விழுந்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. குதித்து ஓடிவந்த அப்பா என்னைத் தாண்டிப் போய்ப் பாயைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, கிழியல" என்று அம்மாவிடம் சொன்னார். சாமி என்று கூப்பிட்ட அதே வாயால். இன்றைக்கும் யாராவது என்னைச் சாமி என்றால் பற்றிக்கொண்டு வரும்.

பட்டம் என்னை இழுத்துப்போய்க் கரை மணலில் குப்புறத் தள்ளியது. தம்பி ஓடிவந்து என் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தான்.

"அடி பட்டுச்சாக்கா?"

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுக் கேட்டேன்: "பட்டம் கிழியலையே, தம்பி?"