மேலகரத்திலிருந்து ஒரு 'ம்'

நான் குடியிருக்கும் ஊரில் 'ஆமாம்' சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான், ஆமாம் சொல்லியாயிற்று! ஸ்வீடனின் வடபகுதியில் இருக்கும் இந்த உமியோவுக்கு வந்த முதல் வாரம், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு வயதான அம்மாளிடம், "இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா?" என்று கேட்டேன். அவர் 'ஷ்ஷுப்' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சுத் திணறல்தான் என்று முடிவுகட்டி, அவர் கையைப் பிடித்து, "உட்காருங்கள், தண்ணீர் வேண்டுமா?" என்று பதறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அதே பஸ்ஸில்தான் நானும் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. அது சோறு போடுகிறது. ஆனால் மனசறிந்து சொன்னால் என் தொழில் பாட்டுக் கட்டுவது. தமிழில் எழுதி, மெட்டுப் போட்டு, பியானோ வாசித்துக்கொண்டு நானே பாடுகிறேன். எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'த்வெட்ஸ்டுகா' உண்டு, துணி துவைக்கும் அறை. முன்கூட்டியே நேரம் பதிந்து வைத்துத்தான் துவைக்கவேண்டும். வீடு மாறிப்போன யாரோ அங்கே ஒரு பழைய பியானோவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த நாட்டில் பியானோவைச் சும்மா கொடுத்தாலும் எடுத்துப்போக ஆளில்லை, சொன்னால் நம்ப மாட்டீர்கள்! என் பாட்டுகள் எல்லாம் சலவை மிஷின் ஓடும் ஒரு மணி நேரத்தில் பிறந்தவை. வாரத்துக்கு மூன்று முறை நேரம் பதிகிறேன். இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு அழுக்குத்துணி சேருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கவலைப்பட்டிருப்பார்கள்.

யாரிடம் கற்றாய் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியா என்றால் ஒரு குருவும் தம்பூராவும் இருந்தே ஆகவேண்டும் அவர்களுக்கு. எனக்கு வாய்த்தது அப்பாவின் விசில். அப்பா போலீஸ்காரர். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம் மெயினருவியில் டூட்டி. குளித்தது போதும் நகருங்கள் என்பதற்கு நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதுவார். அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் என் பல்லவிகள் ஆரம்பிக்கின்றன. இடது கைக்கு, செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையேறும் ரயில். மூச்சு வாங்கி, நிதானித்து, விடாமல் ஏறுமே, அந்த நடை. கோயில் கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் எனக்கே வெகுநாள் தெரியாமல் இருந்தது.

அதைச் சொல்ல என் அக்கா செல்வியைச் சொல்லவேண்டும். தென்காசிக்குப் பக்கத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. எனக்குப் பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த கீபோர்டை அவள் துணி வெட்டும் மேஜையில்தான் வைத்து வாசிப்பேன். அவள் வாய் எப்போதும் நாலு குண்டூசியைக் கவ்வியிருக்கும். நான் ஒரு வரி பாடினால் அவளால் "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். மிஷின் ஓட ஓட "ம்" வந்தால் வரி பரவாயில்லை. "ம்" வராமல் மிஷின் மட்டும் ஓடினால் அந்த வரி செத்தது. மிஷின் நின்று, பிறகு "ம்" வந்தால், ஆகா, அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவாது! உமியோவுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. போனை பியானோமேல் சாய்த்து வைத்துப் பாடுவேன். அங்கே அக்கா தைத்துக்கொண்டிருப்பாள். அந்த "ம்"தான் என்னுடைய ஒரே விமர்சகர் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

இந்த வருடம் ஒன்பது பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் பதிவு செய்தோம். ஒலிப்பதிவாளர் யோனஸ், அதிகம் பேசாத மனிதர். எட்டுப் பாட்டு முடித்துவிட்டு, கடைசிப் பாட்டின் முதல் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிறகு, "ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இரண்டு தாளத்தட்டு காலியாக இருக்கிறது. எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். எதையாவது மறந்துவிட்டாயா?" என்றார். இல்லையே என்று சொல்லப்போனேன். அதற்குள் ஒலிபெருக்கியில் என் குரல் ஒரு வரி பாடி, நின்று, காத்திருந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். ஐயோ, அது அக்காவின் இடம்! அவள் "ம்" சொல்வதற்காக இத்தனை வருடமாக என்னையறியாமல் இடம் விட்டு விட்டு எழுதியிருக்கிறேன். யோனஸிடம் ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் கையாலும் விளக்கினேன். அவர் 'ஷ்ஷுப்' என்றார். "ஊருக்குத்தானே போகிறாய்? இந்தக் கடைசிப் பாட்டுக்காவது அதைக் கொண்டுவா, மற்ற இடைவெளிகளும் எதற்கென்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். வராவிட்டால் ஒன்பதிலும் அந்த இடங்களை வெட்டிவிடுகிறேன்." வெட்டிவிட்டால் அது என் பாட்டாகவே இருக்காது. பத்து நாள் விடுமுறையில், ஆனி மாதச் சாரலில், ஒரே ஒரு உண்மையான "ம்"முக்காகத் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினேன்.

இறங்கியதும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்! மறுநாள் காலையில் பார்க்கிறேன், பட்டுச் சேலை, ஜிமிக்கி, தலை நிறையப் பூ, முகத்தில் பவுடர். வாயில் குண்டூசி இல்லை. மிஷின் மேல் உறை போட்டாகிவிட்டது.

"என்னக்கா இது, குரலைத்தானே பதியப்போறோம்?"

"இருக்கட்டும்ட்டி. வெளிநாட்டுல கேப்பாகல்லா?"

நான் பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் "ம்ம்ம்..." என்று குழைந்து இழுத்தாள். நல்ல வரிக்கும் அதே, வேண்டுமென்றே கெடுத்துப் பாடிய வரிக்கும் அதே. மூன்று நாள் முயன்றோம். ஆலங்குளத்திலிருந்து அளவு கொடுக்க வந்த ஒரு அக்காகூட, "செல்வி, தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் விமர்சகரை நானே கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலாம் நாள், எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு இரண்டு பேரும் குற்றாலம் போனோம். மெயினருவியில் நல்ல தண்ணீர். அடித்துத் துவைத்து எடுத்துவிட்டது. ஈரத் தலையோடு கடை ஓரத்தில் நின்று சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். மனசு குளிர்ந்து கிடந்ததா, என் வாய் தானாக அந்தக் கடைசிப் பாட்டை முணுமுணுத்தது: 'மலை தாண்டி அருவி என்னைக் கூப்பிடுது...'

அக்கா பஜ்ஜியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, நிறுத்து. இந்தா, அங்கன விழுது அருவி. நல்லாக் கேளு. உன் பேரையா சொல்லுது? அது பாட்டுக்கு விழுது. கூப்பிட்டது நான். அம்மைக்கு ஆப்ரேசன் அன்னிக்கு தென்காசி ஆஸ்பத்திரி வாசல்ல ஒத்தையில நின்னுக்கிட்டு ரெண்டு மட்டம் போன்ல கூப்பிட்டேன். லீவு கெடைக்கலன்னுட்ட. இப்ப அருவி கூப்பிடுதாம்லா, அருவி!"

அவள் கண்ணில் வழிந்தது அருவித் தண்ணீர் இல்லை. அம்மா தேறி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் நன்றாக நடமாடுகிறாள். அக்கா அதுவரை ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய். நான் கேட்கவே இல்லை. அந்த வாரம்தான் உமியோவில் எனக்கு முதல் மேடை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில் என் வலது கை ஈரப் பாவாடையின்மேல் கீபோர்டுக் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தது. வரி வந்துவிட்டது! சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, வெட்கத்தில் காது சுட்டது, இரண்டும் ஒரே சமயத்தில்.

மறுநாள் அக்காவுக்கு அவசரமாக முடிக்கவேண்டிய கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்திருந்தன. என்னோடு பேசவில்லை. பழைய சேலை, வாயில் ஊசி, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீபோர்டை மேஜையில் வைத்து, போனில் பதிவை அக்கா பார்க்கவே அழுத்திவிட்டு, பாட ஆரம்பித்தேன்.

'கூப்பிட்டது அருவியில்ல, நீ.'

மிஷின் ஓடியது. "ம்."

'வாசல்ல நின்னு கூப்பிட்ட நீ.'

"ம்."

'லீவு நான் கேக்கவே இல்ல.'

மிஷின் நின்றது.

'எனக்கொரு மேடை இருந்தது.'

இரண்டு தட்டு விட்டேன். ஒன்றும் வரவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தும் ஓசை மட்டும் கேட்டது. நான் நிமிரவில்லை. பிறகு அக்கா, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"இனி கூப்பிட்டா வருவியாட்டி?"

வருவேன் என்று ஒரு வார்த்தை, இல்லையா ஒரு "ம்", அதுதானே வேண்டும்? விரல்கள் மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தன.

உமியோ திரும்பியதும் யோனஸ் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தார், அவ்வளவு சந்தோஷம். மிஷின் சத்தத்தைக்கூட நீக்கவில்லை. ஒன்பது பாட்டிலும் இடைவெளிகள் அப்படியே தப்பின. "கடைசியில் என்ன கேட்கிறாள்? எவ்வளவு அழகான குரல்!" என்றார். "சாப்பிட வருகிறாயா என்று கேட்கிறாள்," என்றேன். இப்போது உமியோவில் நான் மேடையேறினால் அந்தக் குரலையும் ஓடவிடுகிறோம். அந்த இடத்தில் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைக்கிறார்கள். மேலகரத்தில் அக்கா அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாளாம். அளவு கொடுக்க வந்தவர்கள் கேள்வி வரைக்கும் கேட்டுவிட்டு, "உன் தங்கச்சி என்ன பதில் சொன்னா?" என்கிறார்களாம். "கேளுங்க," என்பாளாம் அக்கா. "இன்னும் வாசிச்சிக்கிட்டுத்தான் இருக்கா."