ஜப்பான் வீட்டுக்கு ஈசான மூலை

நாங்கள் கட்டும் வீடுகளில் ஒருவரும் குடியிருப்பதில்லை. வாளை உருவிக்கொண்டு ஓடுவார்கள், கூரையில் ஏறிக் குதிப்பார்கள், அவ்வளவுதான். நல்லூரில் வாடகை வீடொன்றின் முன்னறையில், ஐந்து கணினிகளோடு, ஒரு வீடியோ விளையாட்டுக்காகப் பழைய ஜப்பானைக் கட்டுகிறோம். இருபது வருடம் பத்திரிகையில் பிழை திருத்திய எனக்கு இங்கேயும் அதே வேலை: கட்டியதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பது.

முதலில் வந்தது ஒரு வணிகரின் வீடு. பிழையென்று இரண்டு முறை திரும்பிவரலாம். மூன்றாம் முறையும் வந்தால் ஒப்பந்தம் வேறு நாட்டுக்குப் போய்விடும். போனால், வீட்டை வடிவமைக்கும் வதனி மூன்று வயது மகளை இங்கே விட்டுவிட்டுக் கொழும்பில் வேலை தேடவேண்டும்.

கிணறு

வரைபடத்தில் கிணறு இல்லை. முற்றத்தில் பொருத்தமான இடத்தில் வைக்கவும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வதனி யோசிக்கவேயில்லை, வடகிழக்கில் வைத்துவிட்டாள். நானும் பார்த்தேன், ஈசான மூலையில் கிணறு இருந்தால் அதில் என்ன பிழை பிடிப்பது?

ஜப்பானில் சரிபார்க்கும் அம்மையார் திருப்பி அனுப்பினார். வடகிழக்கு அவர்களுக்குப் பேய் வரும் திசையாம். தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவரும் கிணறு வெட்டாத மூலை அது. வதனி கிணற்றை மவுசால் பாதித் தூரம் இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"விளையாட்டு வீடெண்டாலும் கை போகுதில்லை அண்ணை."

பாய்

இரண்டாம் முறை பிழையென்று வந்தவை கூடத்துப் பாய்கள். தரை முழுவதும் தடித்த பாய் பரப்பவேண்டும். நான்கு பாய்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்க, நூல் பிடித்ததுபோல் பரப்பியிருந்தோம். அது கல்யாணக் காட்சி நடக்கும் கூடம். அம்மையாரின் பதில் ஒரே வரி: இப்படிப் பரப்புவது செத்த வீட்டுக்கு.

நிறுவனத்தை நடத்தும் குகன் எழும்பி வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ரைல்ஸ் பதிக்கிற மேசன்மார் மாதிரி அடுக்கிப்போட்டு இருக்கிறம். நீங்களும் பாத்துக்கொண்டுதானே அண்ணை இருந்தனீங்கள்?"

மூன்றாம் முறை

அனுப்பிவிட்டு இரண்டு நாள் ஒருவரும் ஒழுங்காகத் தேத்தண்ணி குடிக்கவில்லை. கைத்தொலைபேசி சிணுங்கினால் ஐந்து பேரும் பார்ப்போம். வதனி கொழும்பு வேலை விளம்பரங்களைத் திறப்பாள், மூடுவாள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்குப் பதில் வந்தது. வீடு சரி, ஒப்பந்தம் தொடரும். வதனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். குகன் அடுத்த வரியையும் வாசித்தான்: விளையாட்டில் கல்யாணத்தன்று எதிரிகள் வந்து வீட்டை எரிப்பார்கள், எரிந்தபின் கிடக்கும் வீட்டையும் செய்து தரவேண்டும், மாதிரிப் படங்கள் அனுப்பட்டுமா?

வதனிக்குச் சொந்த ஊர் காங்கேசன்துறை, போரில் வீடுகள் கூரையிழந்து கிடந்த ஊர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"படம் வேண்டாமெண்டு எழுதுங்கோ அண்ணை. கூரை எப்பிடி உள்ளுக்கை விழும், எந்தச் சுவர் மிஞ்சும் எண்டு எங்களுக்குத் தெரியும்."

எங்கள் கையிலிருந்து போய், ஒரு திருத்தமும் இல்லாமல் முதல் தடவையிலேயே தேறிய வீடு அதுதான்.